கலாங்கிலையிருந்து பலாலிக்குப் பத்தரை மணித்தியாலம்

சிவமயம்

கட்டுவன்,
விரோதி வருடம் ஐப்பசி 29ந் திகதி
(14.11.1949)

அன்புள்ள மகள் அருந்ததிக்கு ஐயா எழுதிக்கொள்வது. நான் இஞ்சை நடமாடிக்கொண்டு இருக்கிறன். நீயும் மருமகன் சண்முகநாதனும் பிள்ளையள் இரண்டு பேரும் கோலாலம்பூரிலை ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணுமெண்டு கீரிமலைப் பக்கம் பாத்து நகுலேஸ்வரரைக் கும்பிட்டுப்போட்டுத்தான் ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்கு இறங்கிறன். மருமகன் போட்ட காயிதம் போன கிழமை கிடைச்சது. நீ சுகமாய் வந்து சேர்ந்தாய் எண்டும் சின்னவளுக்கு இருமல் குறைஞ்சிட்டுது எண்டும் எழுதியிருந்தார். வாசிச்சு ஆறுதல்பட்டன். ஆனால் பிள்ளை, உன்ரை கையெழுத்திலை அதிலை ஒரு வரியும் இருக்கேல்லை. அடியிலை எண்டாலும் ஐயாவுக்கு எண்டு ஒரு சொல்லுக் கிடக்கோ எண்டு கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். மகாதேவி மாமி வந்து மகள் என்ன எழுதியிருக்கிறாள் எண்டு கேட்டா. சுகமாய் இருக்கிறாளாம், உங்களையும் கேட்டதாம் எண்டு சொன்னன். என்ரை தமக்கையெண்டாலும் எல்லாத்தையும் அவவுக்குச் சொல்லேலுமோ.

நிற்க, இஞ்சை மழை தொடங்கிவிட்டுது. புகையிலை நாத்து மேடையிலை வடிவாய் நிக்குது, தை பிறக்க முந்தி நட்டு முடிச்சிடலாம். சிவலைப் பசு போன ஞாயிற்றுக்கிழமை நாம்பன் கண்டு போட்டிருக்குது. முதல் பாலைக் காச்சி எடுத்தால் குடிக்க வீட்டிலை ஆளில்லை. மாமிதான் மத்தியானத்திலை சோறு குடுத்து விடுறா. இரவைக்கு நானே ஏதும் வைச்சுக்கொள்ளுவன். அடுக்களையிலை எது எங்கை இருக்குதெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை, முப்பத்தெட்டு வருசம் சாப்பிட்ட வீட்டிலை உப்புச் சிரட்டை எங்கை தொங்குதெண்டு மூண்டாம் நாள்தான் கண்டுபிடிச்சன். மல்லித்தூளையும் சரக்குத்தூளையும் மாத்திப் போட்டு ஒரு நாள் கறி வாயிலை வைக்கேலாமல் போச்சுது. அதைச் சொல்லிச் சிரிக்கவும் ஆளில்லை. பகல் எப்பிடியோ தோட்டத்திலை போயிடும். பின்னேரம் கிணத்தடியிலை கால் கழுவிப்போட்டு வீட்டை ஏறேக்கைதான் ஏலாமல் கிடக்கு. கொம்மா இருந்த காலத்திலை அந்த நேரத்திலைதான் அவ உள்ளுக்கு இருந்துகொண்டு, ஐஞ்சு மணியாச்சோ, அங்கை பிள்ளைக்கு இப்ப ஏழு மணி, விளக்கு வைச்சிருப்பாள் எண்டு சொல்லுவா. இப்ப அதை நானே மனதுக்குள்ளை சொல்லிக்கொண்டு ஏறிறன். என்ன நேரத்தைப் பாத்தாலும் இரண்டு மணித்தியாலம் கூட்டிப் பாக்கிறது எனக்கும் பழகிப்போச்சுது.

போன வியாழக்கிழமை அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள், கீரிமலையிலை அந்தியேட்டி செய்து முடிச்சன். மழை இல்லை, ஆனால் கடல் கொந்தளிப்பாய்க் கிடந்தது. ஐயர் சொன்னபடி எல்லாம் செய்து சாம்பலைக் கடலிலை கரைச்சுப்போட்டு வந்து கேணியிலை தோஞ்சன். எங்கடை ஆக்கள் ஒரு பத்துப்பேர் வந்தவை. சீவரத்தினம் அம்மானும் வந்தவர். கிட்ட வரேல்லை. மடத்துத் தூணோடை ஒதுங்கி நிண்டவர். கூடப்பிறந்த தங்கச்சியின்ரை அந்தியேட்டிக்கு அந்நியன்போல நிண்டார். எல்லாம் முடிஞ்சு வெளிக்கிடேக்கை மெல்ல வந்து, மச்சான், பிள்ளை சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததாமோ எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டன். தலையை ஆட்டிப்போட்டுத் தனிய நடந்து போனார், எங்கடை வண்டியிலை ஏறேல்லை. அந்த மனிசனின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நிண்டபோதுதான், இனியும் உனக்கு எழுதாமல் இருந்தால் நான் மனிசனில்லை எண்டு முடிவெடுத்தன். நாலு நாளாய் எழுதி எழுதிக் கிழிச்சு இதை எழுதிறன். ஆறுதலாய் இருந்து வாசி. பிள்ளையள் பள்ளிக்கூடம் போன நேரமாய்ப் பாத்து வாசி.

செத்தவீட்டண்டு என்ன நடந்ததெண்டு உனக்கு ஆரும் ஒழுங்காய்ச் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுறன். அம்மா செவ்வாய்க்கிழமை விடியப் போனா. வெளிச்சம் வரமுந்தியே நான் சயிக்கிளிலை தெல்லிப்பழைக்குப் போய், தந்திக் கந்தோர் திறக்கும் மட்டும் வாசலிலை குந்தியிருந்து உனக்குத் தந்தி அடிப்பிச்சன். புதன்கிழமை காலமை உன்ரை மறுமொழி வந்தது. பிளேனிலை வாறன், வியாழன் காலமை பலாலிக்கு வந்திடுவன், அம்மாவை வைச்சிருங்கோ எண்டு. அதை வாசிச்ச உடனை எனக்கு அந்தத் துக்கத்துக்குள்ளையும் ஒரு பலம் வந்தது எண்டு சொன்னால் நம்புவியோ. அம்மாவின்ரை தலைமாட்டிலை குனிஞ்சு, பூரணம், பிள்ளை வாறாளாம் எண்டு சொன்னன்.

அப்ப கொம்மான் சீவரத்தினம் சம்மதிக்கேல்லை எண்டது மெய்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரமே எடுக்க வேணுமெண்டுதான் நிண்டவர். எங்கடை பக்கத்திலை ஆர் இரண்டு நாள் வைச்சிருந்தவை, இந்த வெக்கையிலை ஏலாது மச்சான், பிரேதத்தை வைச்சுக்கொண்டு அயலட்டையிலை அடுப்பு மூட்டாமல் எத்தினை வீடு கிடக்கிறது எண்டு சத்தம் போட்டவர். அதை முற்றத்திலை நிண்ட சனம் முழுக்கக் கேட்டது. பிறகு உனக்குச் சொன்னதும் அந்தச் சனந்தான். ஆனால் அதுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் எண்டதை உனக்கு ஆரும் சொல்லேல்லை. உன்ரை தந்தியை நான் வாசிச்சுக் காட்டின உடனை அந்த மனிசன் சால்வையைத் தோளிலை போட்டுக்கொண்டு போய், லொறிக்காரன் ஒருவனைப் பிடிச்சு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஓடி, மரத்தூளுக்குள்ளை சாக்குச் சுத்தின ஐஸ்கட்டி கொண்டுவந்து இறக்கினார். புதன் மத்தியானம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், வியாழன் விடிய ஒருக்கால். மூண்டு தரமும் தானே தூக்கி இறக்கினவர். கை விறைச்சு விரல் மடக்கேலாமல், ஒரு கோப்பைத் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடிச்சுக் குடிச்சார்.

புதன்கிழமை நான் பலாலிக்குப் போனன். அங்கை பிளேன் இறங்கிற ஏறோட்றோமிலை சீட்டுப் பதியிற கந்தோரிலை சிமியோன் எண்டு ஒரு பெடியன் வேலை, குருநகர்ப் பக்கத்து, சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன், நல்ல குணம். அவனை எனக்கு முந்தியே தெரியும். எப்பிடித் தெரியுமெண்டால், ஆவணி மாதம் கொம்மா என்னை உரு ஏத்தி அனுப்பினவ. உந்தப் பிளேன் ஒவ்வொரு நாளும் எங்கடை தலைக்கு மேலாலை போகுதே, உது பிள்ளை இருக்கிற இடத்திலையிருந்து வாறதெண்டால் எவ்வளவு நேரம் செல்லும், ஒருக்கால் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கோ எண்டு. யுத்த நேரம் வெள்ளைக்காரன் வேலி போட்டு எடுத்த அந்தப் பக்கத்துக்கு, எங்கடை வடலிக் காணியும் அதுக்குள்ளை போனதுக்குப் பிறகு நான் எட்டியும் பாக்கேல்லை. அவ சொன்னதுக்காகப் போனன். சிமியோன் ஒரு மண்ணிறக் கடுதாசியிலை பென்சிலாலை கீறிக் காட்டினான். சிங்கப்பூர் கலாங்கிலையிருந்து கொழும்பு இரத்மலானைக்கு ஆயிரத்து எழுநூறு மைல், பெரிய பிளேன் ஒன்பது மணித்தியாலத்திலை வந்திடும். இரத்மலானையிலையிருந்து பலாலிக்கு இருநூறு மைலுக்குள்ளை, சின்னப் பிளேன் ஒண்டரை மணித்தியாலம். மகள் கோலாலம்பூரிலையிருந்து சிங்கப்பூருக்கு வந்திட்டால், அங்கையிருந்து எல்லாமாய்ப் பத்தரை மணித்தியாலம் ஐயா எண்டான். அங்கத்தை மணிக்கூடு இரண்டு மணித்தியாலம் முந்தி ஓடுறபடியால் வாறவைக்கு அதுவும் லாபம் எண்டான். நான் வந்து சொன்ன உடனை கொம்மா வாயிலை கையை வைச்சா. கப்பலிலை ஐஞ்சு நாள், பிறகு கொழும்பிலையிருந்து ஒரு இரவு றெயில், அதுதானே அவவுக்குத் தெரிஞ்ச தூரம். காலமைச் சாப்பாடு அங்கை, இராச்சாப்பாடு இஞ்சையோ எண்டு கேட்டா. ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிஞ்சா. தண்ணி அள்ள வாறவையைக்கூட மறிச்சு வைச்சு, என்ரை பெட்டை இப்ப பத்தரை மணித்தியாலத்திலை இருக்கிறாள் எண்டு சொல்லுவா. பதினொரு வருசம் உன்னைக் காணாமல், அதிலை மூண்டரை வருசம் ஜப்பான்காரன் அங்கை இருந்த காலம் உயிரோடை இருக்கிறியோ எண்டும் தெரியாமல் கிடந்தவ, அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு நிமிர்ந்து நடந்தா.

சரி, புதன்கிழமை சிமியோனிட்டைப் போய் உன்ரை தந்தியைக் காட்டினன். அவன் கணக்குப் பாத்து, மகள் புதன் இரவு கலாங்கிலை ஏறினால் வியாழன் விடிய இரத்மலானை, காலமை பிளேனிலை இஞ்சை வந்திடுவா, யோசியாதையுங்கோ எண்டான். நானும் வந்து எல்லாருக்கும் அப்பிடியே சொன்னன். வியாழன் காலமை வாடகைக் காரைப் பிடிச்சுக்கொண்டு போய் நிண்டன். பிளேன் வந்து இறங்கினது. ஏழு பேர் இறங்கினவை. நான் ஏழு பேரின்ரை முகத்தையும் பாத்தன், பிறகு ஏணியை எடுக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டன். சிமியோன் என்னைக் கந்தோருக்குள்ளை இருத்திப்போட்டு வயர்லெஸ்காரரைக் கொண்டு இரத்மலானையிலை கேட்டுவிச்சான். சிங்கப்பூர்ப் பக்கம் மழையும் மின்னலுமாம், பெரிய பிளேன் இன்னும் அங்கையிருந்து கிளம்பேல்லையாம், எப்ப கிளம்புமெண்டு சொல்லேலாதாம். அண்டைக்குக் கிளம்பினால் வெள்ளி காலமை நீ இஞ்சை. கிளம்பாட்டில் சனிக்கிழமை. அதுவும் நிச்சயமில்லை.

நான் வீட்டை வந்து காராலை இறங்க, அம்மான் ஓடி வந்து பின் சீற்றுக்குள்ளை எட்டிப் பாத்தார். நான் நடந்ததைச் சொன்னன். அப்ப அவர் என்ன சொன்னாரெண்டு கேள் பிள்ளை. மச்சான், ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், வெள்ளிக்கிழமை காலமை மட்டும் வைச்சிருப்பம், நான் இன்னொருக்கால் பட்டினத்துக்குப் போய் வாறன், பதினொரு வருசத்துக்குப் பிறகு வாற பிள்ளை வெறும் வீட்டுக்கே வாறது எண்டார். சொன்ன கையோடை லொறிக்காரனைக் கூப்பிட்டும் போட்டார். அவரை மறிச்சது நான்.

ஏனெண்டு உனக்கு எழுதக் கை கூசுது. மகாதேவி மாமி என்னை உள்ளுக்குக் கூப்பிட்டு அம்மாவின்ரை முகத்துத் துணியை விலக்கிக் காட்டினா. அதுக்கு மேலை நான் எழுதமாட்டன். நீ பிறக்க முந்தியிலையிருந்து எனக்குத் தெரிஞ்ச முகம், அது எனக்கே ஆரோவின்ரை முகம்போலக் கிடந்தது. இன்னொரு இரவு போனால் என்னவாகும் எண்டு யோசிச்சன். பதினொரு வருசமாய் நீ மனதுக்குள்ளை வைச்சிருக்கிற கொம்மாவின்ரை முகத்தை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை இதை வைக்க நான் விடமாட்டன் எண்டு நினைச்சன். அது சரியோ பிழையோ எனக்கு இண்டைக்கும் தெரியாது. வெளியிலை வந்து, பறைகாரருக்குச் சொல்லுங்கோ, பின்னேரம் எடுப்பம் எண்டன். அம்மான் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, வேண்டாம் மச்சான், பிள்ளை உன்னை மன்னிக்காது எண்டார். என்ரை தங்கச்சிக்காகக் கேக்கிறன் எண்டும் சொன்னார். நான் கையை உதறிப்போட்டு நாவிதனை வரச்சொன்னன். நாலரைக்குச் சுடலைக்குக் கொண்டுபோய், ஐஞ்சு மணிக்கு ஆண்பிள்ளை இல்லாத வீட்டிலை நானே கொள்ளி வைச்சன். அம்மான் எனக்குப் பின்னாலை நிண்டு தேம்பினார். அடுத்த நாள் நீ வந்து அவரைப் பாத்து எல்லாருக்கும் முன்னாலை, அம்மாவை எரிக்க அவசரப்பட்டது நீங்கள்தானே, உங்களுக்கு இனி நான் மருமகளில்லை எண்டு சொன்னபோது அவர் என்னை ஒருக்கால் நிமிர்ந்து பாத்தார். அவ்வளவுதான். நான் அந்த இடத்திலை எழும்பி, இல்லைப் பிள்ளை, நான்தான் எண்டு சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. உன்ரை கோபம் என்னிலை விழாமல் அவரிலை விழுந்ததை ஒரு ஒதுக்கிடம் மாதிரி எடுத்துக்கொண்டன். அவர் வெளியிலை போய்ச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனவர், அதுக்குப் பிறகு எங்கடை படலை திறந்து வரேல்லை.

வெள்ளிக்கிழமை காலமை நீ இறங்கினதை நான் என்னெண்டு மறக்கிறது. வெள்ளைச் சீலையோடை ஏணியிலை நிண்டுகொண்டு வேலிக்கரையிலை நிண்ட சனத்துக்குள்ளை என்னைத் தேடினாய். நான் கையைக் காட்டினன். நீ என்னைத் தாண்டிப் பாத்தாய். மீசை எடுத்த என்ரை முகத்தை நீ முந்தி ஒருநாளும் கண்டதில்லை. பிறகு கண்டுபிடிச்சாய். கண்டுபிடிச்ச அந்த நிமிசமே உனக்கு எல்லாம் விளங்கிப்போச்சுது, ஏனெண்டால் என்ன காரியத்துக்கு மீசை எடுக்கிறதெண்டு உனக்குத் தெரியும். ஏணியின்ரை நடுப்படியிலை அப்பிடியே குந்தினாய். பின்னாலை வந்த ஆக்கள் உன்னை விலத்திக்கொண்டு இறங்கினவை. காருக்குள்ளை வரேக்கை எத்தினை மணிக்கு எண்டு கேட்டாய். நேற்றுப் பின்னேரம் ஐஞ்சு மணிக்கு எண்டன். நீ விரலை மடிச்சு எண்ணினாய். பதினாறு மணித்தியாலம் ஐயா, பதினாறு மணித்தியாலம் பொறுக்கேலாமல் போச்சோ எண்டாய். அதுக்குப் பிறகு எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிஞ்சு திரும்பிப் பிளேன் ஏறும் மட்டும் நீ என்னோடை தேவைக்கு மேலை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நான் குத்தமாய்ச் சொல்லேல்லைப் பிள்ளை. பத்து நாளும் நீ வீட்டுக்குள்ளை நடந்த சத்தமே எனக்குப் போதுமாய் இருந்தது. நீ போன பிறகு அதுவும் இல்லை.

இனித்தான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. கொம்மானைப் பற்றி எழுதினதை விட இது பெரிசு. இது அம்மானுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது.

நீ வந்த அண்டைக்கு என்னைக் கேட்டாய், அம்மாவுக்கு வருத்தமெண்டு ஏன் முந்தி அறிவிக்கேல்லை எண்டு. எல்லாம் திடீரெண்டு நடந்தது எண்டு சொன்னன். அது பொய். அம்மா போறதுக்கு முந்தின வியாழக்கிழமையே அவவுக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும். வெள்ளிக்கிழமை டாக்குத்தர் வந்து பாத்து ஊசி போட்டு, நியுமோனியா, ஆனால் திங்கட்கிழமைக்குள்ளை இறங்கிவிடும் எண்டு சொன்னவர். சனிக்கிழமை காலமை அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, பிள்ளைக்குத் தந்தி அடியுங்கோ, எனக்கு அவளைப் பாக்கவேணும் எண்டா. நான் போனன். தெல்லிப்பழைக் கந்தோரிலை தந்திப் போம் வாங்கி உன்ரை விலாசமும் எழுதினன். எழுதிப்போட்டு நிண்டு யோசிச்சன். உன்ரை பிள்ளையள் சின்னன். அங்கை கொம்யூனிஸ்ட்காரர் காட்டுக்குள்ளை ஒளிச்சிருந்து றெயிலுக்கும் பஸ்ஸுக்கும் சுடுறாங்களாம் எண்டு பேப்பரிலை கிடக்குது. டாக்குத்தரும் சுகம் வருமெண்டு சொல்லுறார். பிறகு இன்னொண்டும் நினைச்சன். பத்தரை மணித்தியாலந்தானே, கடுமையாகினால் அப்ப அடிச்சாலும் அடுத்த நாள் வந்திடுவாள் எண்டு நினைச்சன். முந்தின காலமெண்டால், கப்பலெண்டால், நான் அந்த நிமிசமே அடிச்சிருப்பன். போமை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரும்பி வந்தன். அடிச்சாச்சோ எண்டு கேட்டா. ஓம், அடிச்சுப்போட்டன் எண்டு சொன்னன்.

அதுக்குப் பிறகு அவ உன்ரை வரவைப் பாத்துக்கொண்டு கிடந்தா பிள்ளை. சனி, ஞாயிறு, திங்கள், மூண்டு நாள். மேலாலை பிளேன் சத்தம் கேட்டால், உதிலை வாறாளோ எண்டு கேப்பா. நான் முற்றத்திலை போய் அண்ணாந்து பாத்துப்போட்டு வந்து, உதிலை இல்லைப் போல, அடுத்ததிலை வருவாள் எண்டு சொல்லுவன். திங்கட்கிழமை கொஞ்சம் தெளிவாய் இருந்தா. மாமியைக் கூப்பிட்டு, அவளுக்கு அரிசிமாப் பிட்டெண்டால் விருப்பம், மா வறுத்து வையுங்கோ எண்டா. மாமியும் வறுத்து வைச்சா, நீ வாறாய் எண்டுதான் அவவும் நம்பினவ. பின்னேரம் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, இப்ப எவ்வளவு தூரத்திலை வாறாள் எண்டு கேட்டா. நடுக்கடலுக்கு மேலாலை வாறாள் எண்டு சொன்னன். நல்லது எண்டா. அதுதான் அவ கடைசியாய் விளங்கக் கதைச்சது. நான் சனிக்கிழமை அந்தத் தந்தியை அடிச்சிருந்தால், திங்கட்கிழமை நீ அவவின்ரை கையைப் பிடிச்சிருப்பாய். நீ எண்ணின பதினாறு மணித்தியாலத்துக்கு நான் காரணம் சொல்லிப்போட்டன். இந்த மூண்டு நாளுக்கு என்னட்டைக் காரணம் இல்லை.

இதை உனக்குச் சொல்லாமலே நான் செத்துப்போகலாம். ஆருக்கும் தெரியவராது. ஆனால் இந்த வீட்டிலை அதோடை தனிய இருக்க எனக்கு ஏலாமல் கிடக்குது. நீ என்னை வெறுத்தாலும் மெய்யைத் தெரிஞ்சுகொண்டு வெறு. கொம்மானை வெறுக்காதை. அந்த மனிசனுக்கு நீ ஒரு காயிதம் எழுதவேணும். பெரிசாய் ஒண்டும் வேண்டாம், அம்மான் சுகமோ, நான் தெரியாமல் சொல்லிப்போட்டன் எண்டு இரண்டு வரி எழுதினால் போதும். நாளைக்கு விடிய நானும் அவரின்ரை வீட்டை போய், பிள்ளைக்கு எல்லாத்தையும் எழுதிப்போட்டன் எண்டு சொல்லிக் கும்பிடப்போறன். என்னைப் படலையிலை நிப்பாட்டினாலும் சரி.

மருமகன் காயிதத்திலை, மாமா இஞ்சை வந்து எங்களோடை இருக்கலாம் எண்டு எழுதியிருந்தார். அவர் நல்ல மனிசன், இந்த விசயம் தெரியாமல் எழுதியிருக்கிறார். இருக்கிறதுக்கு நான் வரமாட்டன். பசுவும் கண்டும் தோட்டமும் கிடக்குது. ஆனால் ஒருக்கால் வந்து போக யோசிக்கிறன். நேற்றுச் சிமியோனிட்டைப் போய்க் கேட்டன். அறுபத்திரண்டு வயசுக்காரன் தனிய வரேலுமோ எண்டு. ஏலும் ஐயா எண்டான். இரத்மலானையிலை ஒரு இரவு தங்கவேணுமாம், கலாங்கிலை மருமகன் வந்து நிண்டால் நல்லதாம், காதுக்குப் பஞ்சு வைக்கவேணுமாம். பத்தரை மணித்தியாலமோ எண்டு கேட்டன். பறக்கிறது பத்தரை ஐயா, இடையிலை காத்துக்கொண்டு இருக்கிறதைக் கணக்குச் சொல்ல ஏலாது எண்டான். பத்து நாள் ஒரே வீட்டுக்குள்ளை இருந்தும் சொல்லாததை நான் உன்ரை வாசலிலை வந்து நிண்டு வாயாலை சொல்ல வேணும். கடுதாசியிலை எழுதிப்போட்டு இஞ்சை ஒளிச்சிருக்கிறது எனக்குச் சரியாய்ப் படேல்லை. எனக்கும் ஒரு தந்தி உனக்கு வரமுந்தி, உயிரோடை இருக்கிற முகத்தை நீ ஒருக்கால் பாத்துக்கொள்ள வேணும்.

பொழுதுபட்டால் வெளியிலை போகாதையுங்கோ. மருமகன் றெயில்வே வேலையெண்டு இரவு நேரத்திலை தூர இடங்களுக்கு அனுப்பினால் மாட்டன் எண்டு சொல்லச்சொல்லு. சின்னவளுக்குத் தண்ணி காச்சி ஆறவைச்சுக் குடு, மழையிலை விடாதை. பெரியவனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்குடு, அம்மம்மா அவனைப் பற்றி என்ன சொல்லித் திரிஞ்சா எண்டு நான் எழுதினால் அவனே வாசிக்கவேணும். நீ நேரத்துக்குச் சாப்பிடு. இஞ்சை வந்து நிண்ட நாளிலை நல்லாய் மெலிஞ்சு போனாய்.

இந்தக் காயிதத்தை நீ எந்த மனதோடை வாசிச்சாலும் நீயும் உன்ரை குடும்பமும் நோய் நொடியில்லாமல் நெடுங்காலம் வாழவேணும், அம்மாவின்ரை ஆசீர்வாதமும் உங்களோடை நிக்கவேணும். அம்மானுக்கு எழுத மறவாதை. எனக்கும் எழுது. வாருங்கோ எண்டு எழுதினால் புகையிலை நட்டு முடிச்சுப்போட்டுத் தை பிறந்த உடனை வெளிக்கிட்டு வாறன். வரவேண்டாம் எண்டு எழுதினால் வரமாட்டன், அதையும் நான் ஏற்றுக்கொள்ளுவன். ஒண்டும் எழுதாமல் மட்டும் விட்டிடாதை பிள்ளை.

இப்படிக்கு,
உன்ரை மறுமொழியைப் பாத்துக்கொண்டிருக்கும் ஐயா,
வே. கதிரித்தம்பி